கோடாலிக் காம்புக்கு மரம் வேண்டுமா? விறகுக் கடையில் பாருங்கள்

கேள்வி இதுதான்: மதுரைப் பக்கம் வீட்டிலேயே சின்னப் பட்டறை வைத்து, கோடாலி, சுத்தியல், உளி, சமையல் கத்திக்கெல்லாம் பிடி போடுகிறீர்கள். வீடியோக்களில் எல்லாரும் ஹிக்கரி, ஆஷ் என்று வெளிநாட்டு மரங்களையே சொல்கிறார்கள். அந்தக் காம்புகளை ஆன்லைனில் வாங்கினால் கோடாலியின் விலையையே தாண்டிவிடுகிறது. உள்ளூர் மரக்கடையில் தேக்கும் வேங்கையும் கன அடிக் கணக்கில்தான் தருவோம், துண்டெல்லாம் கிடையாது என்கிறார்கள். கட்டுப்படியாகிற விலையில் நல்ல கடின மரம் எங்கே கிடைக்கும்?

மரக்கடையை விட்டுவிட்டு விறகுக் கடைக்குப் போங்கள். மரக்கடைக்காரர் நிலை, கதவு, ஜன்னல் செய்பவர்களுக்காகக் கடை வைத்திருக்கிறார். நீளமும் அகலமும் உள்ள மரம்தான் அவருக்குச் சரக்கு. பிடி செய்கிறவருக்கு வேண்டியது மூன்றடிக்கு மேல் போகாத, கையளவு கனமுள்ள கட்டை. நம் ஊரில் அந்த அளவுள்ள கடின மரம் முழுவதும் அடுப்புக்கும் செங்கல் சூளைக்கும் கரிமூட்டத்துக்கும்தான் போகிறது, அதுவும் கிலோ கணக்கில்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரிய கோடாலிக் காம்புக்கு 36 அங்குல நீளம், இரண்டரை அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம் இருந்தால் போதும். அது 135 கன அங்குலம். ஒரு கன அடிக்கு 1,728 கன அங்குலம் என்பதால், கன அடிக்குப் பன்னிரண்டு காம்பு வரும். நன்றாகக் காய்ந்த கருவேலம் ஒரு கன அடி ஏறக்குறைய 22 கிலோ இருக்கும். ஆக ஒரு காம்புக்கான மரம் இரண்டு கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது. செதுக்கலில் போகிறது, வெடிப்பில் போகிறது எல்லாம் சேர்த்து ஐந்து கிலோ என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் ஊரில் ஐந்து கிலோ விறகு என்ன விலையோ அதுதான் உங்கள் காம்பின் விலை. கத்திப் பிடிக்கு நூறு கிராம் மரம்கூட வேண்டாம்.

ஹிக்கரி நல்ல மரம்தான், மறுக்கவில்லை. அது அமெரிக்காவில் காம்பு மரமாக ஆனதற்கு முதல் காரணம் அது அங்கே வளர்கிறது என்பதே. நாட்டுக் கருவேலம் எடையில் அதற்குச் சமம். அடி தாங்குவதிலும் சளைத்ததில்லை. கலப்பை, மாட்டு வண்டிச் சக்கரம், மண்வெட்டிக் காம்பு என்று குலுங்குகிற, இடிபடுகிற வேலைக்கெல்லாம் நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக அதைத்தான் போட்டார்கள்.

முதலில் கருவேலத்தையும் சீமைக்கருவேலத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். விறகுக் கடையில் இரண்டும் கலந்துதான் கிடக்கும், கடைக்காரருக்கு இரண்டும் 'முள்ளு விறகு'. மரமாக நிற்கும்போது எளிது: நாட்டுக் கருவேலத்தின் காய் மணி கோத்த மாலைபோல் இடுக்கி இடுக்கி இருக்கும், பூ மஞ்சள் உருண்டை. சீமைக்கருவேலத்தின் பூ கதிர்போல் நீண்டிருக்கும். கட்டையாகக் கிடக்கும்போது வெட்டு முகத்தைப் பாருங்கள். கருவேலத்தில் ஓரத்து வெள்ளைப் பகுதி அகலமாகவும், வைரம் எனப்படும் நடுவிலுள்ள கெட்டியான பகுதி இளஞ்சிவப்பிலிருந்து செம்பழுப்பாகவும் இருக்கும். சீமைக்கருவேலத்தில் வெள்ளை மெல்லிய மஞ்சள் வளையமாக ஓரத்தில் நிற்கும், உள்ளே முழுக்க சாக்லெட் நிறம்.

விறகுக் கட்டையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அது அறுத்தது இல்லை, பிளந்தது. ரம்பம் நாரைப் பற்றிக் கவலைப்படாமல் நேராக அறுத்துக்கொண்டு போய்விடும். பலகை நேராக இருக்கும், உள்ளே நார் சாய்ந்து ஓடி ஓரத்தில் வெளியே போய்க்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட பலகையில் செய்த காம்பு, ஓங்கிப் போடுகிற போது நார் வெளியேறுகிற இடத்தில் சீவியதுபோல் ஒடியும். கோடாலியும் ஆப்பும் போட்டுப் பிளந்த கட்டை நார் போன வழியிலேயே திறந்திருக்கும். பிளந்த முகம் நேராக இருந்தால் உள்ளே நாரும் நேர். முகம் கப்பல் பாய்போல் முறுக்கிக்கொண்டிருந்தால், வைரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை அடுப்புக்கு விட்டுவிடுங்கள். அந்த ஒரு பார்வையிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

வீடியோக்களில் வளர்ச்சி வளையம் எந்தத் திசையில் நிற்க வேண்டும் என்று நிறையச் சொல்வார்கள். குளிர்நாட்டு மரங்களுக்கு அது பொருந்தும். நம் கருவேலத்திலும் புளியிலும் அந்த வளையங்கள் தெளிவாகவே தெரியாது. அதைத் தேடிக்கொண்டிருக்காமல் நாரோட்டத்தைப் பாருங்கள்.

அடுத்தது ஓசை. ஒரே அளவில் இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்து, வெடிப்பில்லாத கட்டை கணீரென்று சொல்லும். ஈரமோ உள்வெடிப்போ இருந்தால் சொத்தென்று அடங்கும். கணு உள்ள இடம், மாவுபோல் தூள் கொட்டுகிற இடம், குண்டூசித் துளைகள் உள்ள வெள்ளைப் பகுதி, இந்த மூன்றையும் ஒதுக்கிவிடுங்கள். கடைக்காரரிடம் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லிவிடுவது நல்லது. "அண்ணே, கோடாலிக் காம்புக்கு எடுக்குறேன், பொறுக்கி எடுத்துக்கட்டுமா, கிலோவுக்கு ரெண்டு ரூபா சேத்துத் தர்றேன்" என்று கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. நான்கு முறை போய்வந்த பிறகு அவரே நல்ல கட்டைகளைச் சுவரோரமாக ஒதுக்கி வைப்பார். என் மரத்தில் பாதி அப்படி ஒதுக்கி வைக்கப்பட்டதுதான்.

விறகுக் கடைக்கு ஒரு படி முன்னால் போக முடிந்தால் இன்னும் நல்லது. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களில் கண்மாய்க்குள் வளர்க்கப்பட்ட நாட்டுக் கருவேலங்களை ஏலம் விட்டு வெட்டுவார்கள். கோடையில் கண்மாய் வற்றியதும் லாரி உள்ளே இறங்கும். ஏலம் எடுத்தவர் அங்கேயே இருப்பார். அடிமரம் சாமில்லுக்கும் கிளை சூளைக்கும் போகும். மூன்று நான்கு அங்குலக் கனமுள்ள நேரான கிளைகளும், அடிமரத்தைச் சதுரம் போடும்போது கழிகிற துண்டுகளும்தான் உங்களுக்கு வேண்டியவை. விலை பேசி அவரிடமே வாங்குங்கள். கண்மாயிலும் புறம்போக்கிலும் நிற்கிற மரத்தை, 'முள்ளு மரம்தானே' என்று நாமே போய் வெட்டக் கூடாது, அது பொதுச் சொத்து.

சீமைக்கருவேலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்த மரத்தின் மேல் நமக்கெல்லாம் கோபம் உண்டு, நியாயமான கோபம். 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லி உத்தரவே போட்டது. ஆனால் வெட்டிய பிறகு அந்தக் கட்டைக்குள் இருப்பது முதல்தர மரம். கனமானது, வழவழப்பாக மெருகேறுவது. எல்லாவற்றுக்கும் மேல், காயும்போது மிகக் குறைவாகவே சுருங்குவது. கத்திப் பிடிக்கு இதைவிடப் பெரிய குணம் கிடையாது. சமையல் கத்தி நாளுக்கு நாலு முறை நனைந்து காய்கிறது. சுருங்கி விரிகிற மரம் என்றால் இரும்புக்கும் பிடிக்கும் நடுவில் நகம் நுழைகிற இடைவெளி வந்துவிடும். சீமைக்கருவேலம் அப்படியே நிற்கும். மரம் கோணல்மாணலாக வளர்வதால் ஐந்தடி நேராகக் கிடைக்காது. கத்திக்கு ஐந்தங்குலமும் உளிக்கு ஆறங்குலமும் போதுமே! பெரிய கோடாலிக்கு மட்டும் இதைத் தவிர்ப்பேன். நார் நெளிந்து நெளிந்து ஓடுவதால் நீளமான காம்பில் எங்கே ஒடியும் என்று சொல்ல முடியாது.

இதை வாங்கச் சிறந்த இடம் கரிமூட்டம் போடுகிற இடம். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சாலையோரத்திலேயே பார்க்கலாம். மூட்டத்துக்கு அடுக்குவதற்கு முன் கட்டைகளைத் தடிமன் வாரியாகக் குவித்து வைத்திருப்பார்கள். தூர்க்கட்டை என்று ஒரு குவியல் இருக்கும். வேரும் அடிமரமும் சேர்கிற அந்த இடத்தில் நார் சுழித்துச் சுழித்து ஓடும். கத்திப் பிடிக்கு அறுத்தால் ஒவ்வொரு துண்டும் ஒரு படம். முள் விஷயத்தில் கவனம் தேவை. காய்ந்த முள் செருப்பைத் துளைக்கும், குத்திய இடம் நாலு நாள் வலிக்கும். தடித்த கையுறை இல்லாமல் குவியலில் கை வைக்காதீர்கள். அறுக்கும்போது முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், பழைய மாட்டு வண்டிச் சக்கரம். இது இப்போது குறைந்துகொண்டே வருகிறது, கண்ணில் பட்டால் விடாதீர்கள். ஒரு சக்கரத்தில் பெரும்பாலும் பன்னிரண்டு ஆரக்கால் இருக்கும். வண்டி செய்த ஆசாரி நேரான நார் உள்ள கருவேலமாகப் பார்த்துப் பொறுக்கித்தான் ஆரக்கால் போட்டிருப்பார். நாம் விறகுக் குவியலில் செய்கிற வேலையை அவர் முன்பே முடித்துவிட்டார் என்று பொருள். கூடவே முப்பது, நாற்பது வருடம் காய்ந்திருக்கும். முழுச் சக்கரத்தை ரிசார்ட்டுக்கும் ஓட்டலுக்கும் அலங்காரத்துக்கு நல்ல விலைக்கு வாங்கிவிடுகிறார்கள். வட்டை என்கிற மர விளிம்பு உளுத்து, குடம் என்கிற நடு உருளை பிளந்து போன சக்கரத்தை யாரும் கேட்பதில்லை. பழைய இரும்புக் கடைக்காரர் இரும்புப் பட்டாவைக் கழற்றிக்கொண்டு மரத்தை மூலையில் போட்டிருப்பார். ஆரக்கால் ஒன்றரை அடிக்கு மேல் தேறும். கைக்கோடாலி, சுத்தியல், கொத்துக் கரண்டி, உளி எல்லாவற்றுக்கும் அது போதும். செதுக்குவதற்கு முன் ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்த்துவிடுங்கள். நுகத்தடியை நம்ப வேண்டாம். மாட்டின் கழுத்தில் உட்காருவது என்பதால் பெரும்பாலும் இலேசான மரத்தில்தான் செய்திருப்பார்கள்.

புளியைத் தெரிந்துகொள்ள கறிக்கடைக்குப் போனால் போதும். நாள் முழுக்க வெட்டு வாங்கியும் சிம்பு எழாமல் இருக்கிறதே, அந்தக் கட்டை புளி. நார் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஓடுவதால் எளிதில் பிளக்காது. தச்சர் உளியை அடிக்கிற கொட்டாப்புளியும் உலக்கையும் புளியில் செய்வது இதனால்தான். அதே பின்னல் காரணமாக நேரான நீளக் காம்புக்கு அது அவ்வளவு ஏற்றதில்லை. கொட்டாப்புளி, உளிப் பிடி, ரம்பப் பிடிக்குப் போடுங்கள். வயதான மரத்தின் நடுவில் மட்டும் கருஊதா நிறத்தில் வைரம் இருக்கும். கறிக்கடைக்குக் கட்டை அறுத்துக் கொடுக்கிற சாமில்லில் சொல்லி வைத்தால் வெடித்துப்போன துண்டில் அந்தக் கருவைரத்தை எடுத்துக்கொள்ளலாம். புளியின் வெள்ளைப் பகுதியை வண்டு சீக்கிரம் தின்றுவிடும்.

சாமில் பற்றி இன்னொன்று. முதலாளியிடம் மரம் கேட்டால் கன அடிக் கணக்குத்தான் சொல்வார். அடுப்புக் கட்டை கேளுங்கள். மரத்தைச் சதுரம் போடும்போது கழிகிற புறமட்டையும் முனைத் துண்டும் மூட்டையாகவோ வண்டியாகவோ போகும். அதில் வேம்பு, வாகை, பூவரசு எல்லாம் வரும். பூவரசு வளைந்துகொடுக்கிற மரம், மண்வெட்டிக்கு நன்றாக உழைக்கும். வாகை எண்ணெய்ச் செக்குக்குப் போகிற மரம். இப்போது மரச்செக்கு மறுபடி பிழைத்துவிட்டதால் செக்குப் பட்டறைகளில் நல்ல வாகைத் துண்டுகள் கழிகின்றன. வாகைத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது, அதற்கும் முகக்கவசம் வேண்டும்.

பலருக்குத் தோன்றாத இடம் பழத்தோட்டம். கொய்யா மரம் அடர்த்தியானது, இழைத்தால் கண்ணாடிபோல் வரும், சுத்தியல் காம்புக்கு அருமையானது. பழனி பக்கத்து ஆயக்குடி போன்ற கொய்யா விளைகிற ஊர்களில் காய்ப்புக் குறைந்த பழைய மரங்களைத் தோண்டிப் போட்டு மறுநடவு செய்வார்கள். அந்த மரம் வரப்பில் விறகாகக் கிடக்கும், கேட்டால் கொடுப்பார்கள். சப்போட்டாவும் அப்படித்தான். செந்நிறம், நல்ல கனம், கத்திப் பிடிக்குப் பொருத்தம். கொடைக்கானல் கீழ்மலையிலும் ஏற்காட்டிலும் பிடுங்கிப் போடுகிற காப்பிச் செடியின் தண்டும் உளிப் பிடிக்கு உதவும். கைத்தடி செய்கிற அளவுக்கு உறுதியானது அது.

உங்கள் மாவட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சுருக்கமாக: காங்கேயம் பக்கம் என்றால் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தில் நிற்கிற வெள்வேல மரத்தை, கருவேலத்துக்கு அடுத்தபடி நம்பலாம். கடலூர், விழுப்புரம் பக்கம் சவுக்கு மலிவு, நேராகவும் இருக்கும். காயும்போது நீளவாக்கில் வெடிப்பதால் வாருகோல், துரட்டிக் கம்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். சென்னையில் புயல் அடித்த மறுநாள் தெருவில் விழுந்து கிடக்கிற மரங்களில் பூவரசு, வாகை, வேம்பு மூன்றையும் தேடுங்கள். அப்புறப்படுத்த வந்தவர்களிடம் கேட்டு எடுங்கள். தூங்குமூஞ்சியும் குல்மோகரும் பெருமரங்கள், ஆனால் காம்புக்கு ஆகாது. கோவைக்காரர்கள் ஒருமுறை காஸ் வன அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள். 1902-இல் தொடங்கியது. நம் காட்டு மரங்களின் மாதிரித் துண்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கக் கிடைக்கும். நிறமும் நாரும் கண்ணில் படிய அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

தேக்கு? கதவுக்கும் கட்டிலுக்கும் அரசன்தான். இழைப்புளிப் பிடி, ரம்பப் பிடிக்குத் தாராளமாகப் போடலாம். அடி வாங்குகிற காம்புக்கு வேண்டாம், அதிர்ச்சி தாங்காமல் பிளக்கும். ஈட்டி, சந்தனம், செம்மரம் மூன்றையும் 'ஒரு சின்னத் துண்டுதானே' என்று யாராவது கொண்டுவந்து கொடுத்தால் வாங்காதீர்கள். ஈட்டி மரத்தைக் காக்க தமிழ்நாட்டில் 1994-இல் தனிச்சட்டமே போட்டார்கள். பட்டா நிலத்தில் நின்றாலும் வனத்துறையைக் கேட்காமல் இந்த மரங்களைத் தொடாதீர்கள். பழைய கட்டிலின் கால் உடைந்து கிடைத்த ஈட்டித் துண்டு என்றால் அது வேறு விஷயம்.

இனி காயவைப்பது. இதில் அவசரப்பட்டு நான் பட்டது போதும். முதன்முதலில் கோடாலிக் காம்பு செய்தபோது, பச்சைக் கருவேலத்தைச் செதுக்கி, தலையை இறுக்கமாக ஏற்றி, ஆப்பும் அடித்தேன். பச்சையாக இருக்கும்போது செதுக்க வெண்ணெய்போல் இருந்தது. பங்குனியில் செய்தது, வைகாசியில் ஒரு கட்டையைப் பிளக்க ஓங்கியபோது தலை கழன்று என் தோளுக்குப் பின்னால் போய்ச் சுவரில் மோதியது. மனைவி அந்தப் பக்கம்தான் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காம்பை எடுத்துப் பார்த்தால், இரும்பு இருந்த இடத்தில் கருநீல வளையம் விழுந்திருந்தது. கருவேலத்தின் துவர்ப்பும் ஈரமும் இரும்போடு சேர்ந்தால் வருகிற மசிக்கறை அது. அதற்கு மேலே மரம் சுருங்கி, ஒரு பக்கம் தீக்குச்சி நுழைகிற இடைவெளி. அன்றிலிருந்து எடை பார்க்காமல் எந்தக் கட்டையிலும் தலை ஏற்றுவதில்லை.

எடை பார்ப்பது இப்படித்தான். கட்டையைக் கடைசி அளவைவிட எல்லாப் பக்கமும் கால் அங்குலம் கூடுதலாகப் பிளந்து வைத்துக்கொள்ளுங்கள். முழு உருளையாக வைத்தால் நடுவிலிருந்து வெடிக்கும், அதனால் நடுத்தண்டு வெளியே போகிற மாதிரி பிளக்க வேண்டும். இரண்டு முனைகளிலும் மிச்சமிருக்கிற எமல்ஷன் பெயின்ட்டையோ உருக்கிய மெழுகையோ தடவுங்கள், ஈரம் முனை வழியாக வேகமாக வெளியேறி வெடிப்பு விடுவதை அது தடுக்கும். சமையலறைத் தராசில் நிறுத்து, எடையையும் தேதியையும் கட்டையிலேயே சாக்பீசால் எழுதி, நிழலில் காற்றோட்டமாக அடுக்குங்கள். மொட்டை மாடி வெயில் வேண்டவே வேண்டாம். வாரம் ஒருமுறை நிறுத்து எழுதுங்கள். முதல் மாதம் கடகடவென்று இறங்கும், அப்புறம் தயங்கும். மூன்று வாரம் தொடர்ந்து எடை மாறாமல் நின்றால் கட்டை காய்ந்துவிட்டது. விறகுக் கடையில் ஏற்கெனவே ஆறு மாதம் கிடந்த கட்டை என்றால் இதில் பாதிக் காலம் மிச்சம்.

வண்டுக்குப் பழைய வழி ஒன்று உண்டு. வெட்டிய பச்சைக் கருவேலத்தைக் குளத்துச் சேற்றிலோ கிணற்றிலோ ஊறப்போட்டு, பிறகு எடுத்து உலர்த்துவார்கள். மரத்தில் உள்ள மாவுச்சத்து கரைந்துவிடுவதால் வண்டுக்குத் தீனி இல்லாமல் போகும். வீட்டில் பிளாஸ்டிக் டிரம்மில் மூன்று நான்கு வாரம் ஊறவைத்தாலும் வேலை நடக்கும். தண்ணீர் கஷாயம்போல் கறுத்து நாற்றமெடுக்கும், வாரம் ஒருமுறை மாற்றுங்கள். இரும்பு டிரம் கூடாது, மரம் முழுக்க அந்தக் கருநீலக் கறை ஏறிவிடும். புங்கை, வேம்பு போன்ற மரங்களுக்கும் இது பொருந்தும்.

பூசுவதற்கு ஆளிவிதை எண்ணெய் வாங்குங்கள், பெயின்ட் கடைகளில் கொதிக்கவைத்த ஆளிவிதை எண்ணெய் என்று கேட்டால் தருவார்கள். தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், வேப்பெண்ணெய் எதுவும் மரத்தில் உலர்ந்து இறுகாது, பிசுபிசுப்பாகவே நிற்கும். மெல்லிய பூச்சாக மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஓரிரு நாள் விட்டுத் தடவுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். உலரும்போது அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் ஒற்றையாக விரித்துப் போட்டுக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவிட்டு வெளியே போடுங்கள். மரத்தூளும் சீவலும் நிறைந்த பட்டறையில் இதை ஒருநாளும் மறந்துவிடக் கூடாது.